பழைய லேப்டாப்பில் லினக்ஸ், டிரைவர் அப்டேட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய லேப்டாப்பில் லினக்ஸ் போட்டுக் கொடுப்பது எனக்குப் பல வருடப் பழக்கம். போட்டுக் கொடுத்த கையோடு சந்தேகங்களும் வர ஆரம்பித்துவிடும். கேட்பவர் மாறினாலும் லேப்டாப் மாறினாலும் கேள்வி பெரும்பாலும் அதேதான். ஃபோனில் அவசர அவசரமாகச் சொல்லி, பாதி புரிந்து பாதி புரியாமல் அவர்கள் திண்டாடுவதைவிட நிதானமாக எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது. கேள்விகளை அவரவர் கேட்டபடியே போட்டிருக்கிறேன்.

எட்டு வருடத்திலிருந்து பதினைந்து வருடம் வரை பழசான லேப்டாப்புகளை மனதில் வைத்து எழுதியது இது. கட்டளைகள் டெபியன், உபுண்டு, லினக்ஸ் மின்ட் குடும்பத்துக்கானவை. ஃபெடோரா, ஆர்ச் வைத்திருப்பவர்களுக்குப் பேக்கேஜ் (நிறுவும் மென்பொருள் தொகுப்பு) பெயர்கள் மாறும், விஷயம் ஒன்றுதான். கட்டளைகளை உச்சரிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறேன், டெர்மினலில் (கட்டளை அடிக்கும் ஜன்னல்) ஆங்கிலச் சின்ன எழுத்தில் அடிக்க வேண்டும்.

"லினக்ஸ் போட்டாச்சு. டிரைவர் எல்லாம் எங்கேர்ந்து டவுன்லோட் பண்றது?"

பெரும்பாலும் எங்கிருந்தும் வேண்டாம். விண்டோஸில் ஒவ்வொரு பாகத்துக்கும் அதைத் தயாரித்தவர்களின் தளத்துக்குப் போய் ஒரு ஃபைலை இறக்கிப் பழகியதால்தான் இந்தக் கேள்வி வருகிறது. லினக்ஸில் டிரைவர்கள் (ஒவ்வொரு பாகத்தையும் இயக்கும் நிரல்கள்) லினக்ஸின் மையமான கெர்னலின் மூலநிரலோடு சேர்ந்தே வளர்கின்றன. லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் ஆரம்பித்த அந்த நிரலில் இன்று பெரும்பகுதி டிரைவர்கள்தான். நீங்கள் நிறுவும்போது அவை மாட்யூல் என்ற தனித்தனித் துண்டுகளாக டிஸ்க்கில் வந்து உட்கார்ந்துகொள்ளும், லேப்டாப் துவங்கும்போது கெர்னல் ஒவ்வொரு பாகமாகப் பார்த்து அதற்கு வேண்டியதை மட்டும் ஏற்றிக்கொள்ளும்.

அதனால் நிறுவியதும் முதலில் எல்லாவற்றையும் ஓட்டிப் பாருங்கள். வைஃபை, சத்தம், கேமரா, டச்பேட், திரை வெளிச்சத்தைக் கூட்டும் பட்டன், மூடித் திறந்தால் விழிக்கிறதா, எல்லாம். வேலை செய்கிற பாகத்துக்கு டிரைவர் தேடவே வேண்டாம்.

"அப்போ டிரைவர் அப்டேட்னு தனியா எதுவும் இல்லையா?"

சிஸ்டம் அப்டேட்தான் டிரைவர் அப்டேட். 'சூடோ ஏபிடி அப்டேட்', அது முடிந்ததும் 'சூடோ ஏபிடி ஃபுல்-அப்கிரேட்', அப்புறம் ஒரு ரீஸ்டார்ட். இதில் மூன்று விஷயம் சேர்ந்து புதுசாகும்: கெர்னல் (பெரும்பாலான டிரைவர்கள் இதில்), லினக்ஸ்-ஃபர்ம்வேர் பேக்கேஜ், மீசா என்ற கிராஃபிக்ஸ் நூலகம்.

ரீஸ்டார்ட் செய்யாமல் விட்டுவிட்டு "அப்டேட் பண்ணியும் ஒண்ணும் மாறல" என்பவர்கள் நிறைய பேர். புது கெர்னல் டிஸ்க்கில் இருக்கும், ஆனால் ஓடிக்கொண்டிருப்பது பழசு. 'யூனேம் -ஆர்' என்று அடித்தால் இப்போது ஓடும் கெர்னலின் எண் வரும். ரீஸ்டார்ட்டுக்கு முன்னும் பின்னும் அதைப் பார்த்து ஒரு தாளில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் ஒரு கேள்வியில் அது தேவைப்படும்.

"டெர்மினல்னாலே பயமா இருக்கு. கிளிக் பண்ணிப் போடற மாதிரி எதுவும் இல்லையா?"

இருக்கிறது. லினக்ஸ் மின்ட்டில் டிரைவர் மேனேஜர் என்றே ஒரு செயலி உண்டு. உபுண்டுவில் சாஃப்ட்வேர் அண்டு அப்டேட்ஸ் என்பதைத் திறந்தால் அடிஷனல் டிரைவர்ஸ் என்று ஒரு பக்கம். கெர்னலில் சேராத டிரைவர் ஏதாவது உங்கள் லேப்டாப்புக்குத் தேவைப்பட்டால் அதில் காட்டும், நடைமுறையில் அது என்விடியா கிராஃபிக்ஸோ பிராட்காம் வைஃபையோ ஆகத்தான் இருக்கும். பட்டியல் காலியாக வந்தால் பயப்படாதீர்கள், தனியாக எதுவும் தேவையில்லை என்று அர்த்தம்.

"லினக்ஸுக்கு டிரைவர் அப்டேட்டர்" என்று ஏதாவது தளம் ஒரு ஃபைலை நீட்டினால் தொடாதீர்கள். அப்படி ஒன்று தேவைப்படுகிற அமைப்பே இங்கே கிடையாது.

"என் லேப்டாப்புல என்ன சிப் இருக்குன்னே எனக்குத் தெரியாதே, மாடல் நம்பர் சொன்னா போதுமா?"

போதாது. ஒரே மாடல் பெயரில் ஒரு லேப்டாப்பில் இன்டெல் வைஃபை கார்டும் இன்னொன்றில் ரியல்டெக் கார்டும் வந்திருக்கும். கீழே ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை வைத்துத் தேடினால் வேறு யாருக்கோ பொருந்தும் தீர்வு கிடைத்து அதை நீங்கள் செய்து பார்த்துக் குழப்பம்தான் மிஞ்சும்.

டெர்மினலில் 'எல்எஸ்பிசிஐ -என்என்கே' என்று அடியுங்கள். பட்டியல் நீளமாக வரும், மிரள வேண்டாம், வேண்டிய பாகத்தை மட்டும் பாருங்கள். கிராஃபிக்ஸ் என்றால் விஜிஏ என்று ஆரம்பிக்கும் வரி, வைஃபை என்றால் நெட்வொர்க் கன்ட்ரோலர் என்று இருக்கும் வரி. வரியின் கடைசிப் பக்கம் சதுர அடைப்புக்குள் 8086:0116 மாதிரி ஒரு ஜோடி எண் இருக்கும். முன்பாதி யார் செய்தது என்று சொல்லும், 8086 என்றால் இன்டெல். பின்பாதி எந்தச் சிப் என்று சொல்லும், இந்த 0116 இன்டெலின் சாண்டி பிரிட்ஜ் பிராசசர் காலத்து லேப்டாப் கிராஃபிக்ஸ். யாரிடம் உதவி கேட்டாலும் இந்த ஜோடி எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும்.

அதற்குக் கீழே 'கெர்னல் டிரைவர் இன் யூஸ்' என்று ஒரு வரி இருந்தால் டிரைவர் ஏறியிருக்கிறது. அந்த வரி இல்லாமல் 'கெர்னல் மாட்யூல்ஸ்' என்ற வரி மட்டும் இருந்தால், டிரைவர் கைவசம் இருக்கிறது, ஏதோ ஒன்று ஏறவிடாமல் தடுக்கிறது. இரண்டுமே இல்லையென்றால்தான் உண்மையில் டிரைவர் இல்லை. யுஎஸ்பியில் செருகியவற்றுக்கும், கேமரா, ப்ளூடூத் போல உள்ளே யுஎஸ்பியாகவே இணைந்திருப்பவற்றுக்கும் 'எல்எஸ்யுஎஸ்பி' என்பதைப் பயன்படுத்துங்கள்.

"ஃபர்ம்வேர் மிஸ்ஸிங்னு வருது. ஃபர்ம்வேர்னா டிரைவர்தானே?"

இல்லை. டிரைவர் உங்கள் பிராசசரில் ஓடுவது. ஃபர்ம்வேர் அந்தச் சிப்புக்குள்ளேயே ஓடும் சின்ன நிரல். பல வைஃபை கார்டுகளில் அதை நிரந்தரமாக வைக்க இடமே இருக்காது, ஒவ்வொரு முறை லேப்டாப்பைப் போடும்போதும் டிரைவர்தான் டிஸ்க்கிலிருந்து எடுத்துக் கார்டுக்குள் ஊட்ட வேண்டும். டிரைவர் திறமூலமாக இருந்தாலும் ஃபர்ம்வேர் பெரும்பாலும் மூடியதுதான் (மூலநிரலை வெளியிட மாட்டார்கள்). அதனால் சில வழங்கல்கள் (டெபியன், உபுண்டு போன்ற லினக்ஸ் வகைகள்) அதைத் தனியாக ஒதுக்கி வைத்திருந்தன. டெபியனில் 12ஆம் பதிப்பிலிருந்துதான், அதாவது 2023லிருந்து, அதிகாரபூர்வ நிறுவல் ஃபைலிலேயே ஃபர்ம்வேர் சேர்ந்து வருகிறது. அதற்கு முந்தைய டெபியன் வைத்திருப்பவர்கள் பேக்கேஜ் மூலங்களில் நான்-ஃப்ரீ பகுதியைச் சேர்க்க வேண்டும்.

'சூடோ டிஎம்இஎஸ்ஜி' என்று அடித்து, வருவதில் ஃபர்ம்வேர் என்ற சொல்லைத் தேடுங்கள். ஏதோ ஒரு ஃபைல் பெயரும் 'எரர் -2' என்றும் இருந்தால், -2 என்பதற்கு அந்தப் பெயரில் ஃபைல் இல்லை என்றுதான் பொருள். கார்டு நன்றாக இருக்கிறது, டிரைவரும் நன்றாக இருக்கிறது, அந்த ஒரு ஃபைல் வந்தால் போதும். அந்தப் பெயரை வைத்துத் தேடினால் எந்தப் பேக்கேஜில் இருக்கிறது என்று உடனே கிடைக்கும்.

"வைஃபையே காட்டல. நெட் இல்லாம எப்படி டிரைவர் இறக்கறது?"

நெட்டுக்கு எளிய வழி உங்கள் ஆண்ட்ராய்டு ஃபோன். யுஎஸ்பி கேபிளில் லேப்டாப்போடு இணைத்து, ஃபோனில் யுஎஸ்பி டெதரிங்கைப் போட்டுவிடுங்கள். லேப்டாப் அதைக் கேபிள் நெட் மாதிரி எடுத்துக்கொள்ளும், தனி டிரைவர் வேண்டாம். ஃபோன் வைஃபையில் இருந்தால் அந்த வைஃபையையே இப்படிக் கடத்தித் தரும், டேட்டா தீராது.

ஆனால் இறக்குவதற்கு முன்னால் 'ஆர்எஃப்கில் லிஸ்ட்' என்று ஒரு தடவை அடித்துப் பாருங்கள். தெரிந்த அக்கா ஒருவர் வைஃபை வராமல் மூன்று முறை வேறு வேறு லினக்ஸ் போட்டுப் பார்த்துவிட்டுக் கொண்டுவந்தார். எல்எஸ்பிசிஐ-யில் டிரைவர் அழகாக ஏறியிருந்தது. ஆர்எஃப்கில் பட்டியலில் 'சாஃப்ட் பிளாக்டு: நோ', அதற்குக் கீழே 'ஹார்டு பிளாக்டு: யெஸ்'. லேப்டாப்பைத் திருப்பினால், முன் விளிம்பில் மெமரி கார்டு சொருகும் இடத்துக்குப் பக்கத்தில், நகத்தால் தள்ளும் அளவுக்கு ஒரு சின்னச் சுவிட்ச், லேப்டாப்பின் கறுப்போடு கறுப்பாக. தள்ளியதும் பக்கத்தில் நீல விளக்கு எரிந்தது, அடுத்த நொடி வீடுகளின் வைஃபை பெயர்கள் வரிசையாக வந்து நின்றன. அவர் முகத்தில் வந்த நிம்மதியை மறக்க முடியாது. 2012க்கு முந்தைய பல லேப்டாப்புகளில் இப்படி ஒரு சுவிட்சோ, வைஃபை படம் போட்ட ஒரு ஃபங்ஷன் பட்டனோ இருக்கும். 'சாஃப்ட் பிளாக்டு: யெஸ்' என்று இருந்தால் 'சூடோ ஆர்எஃப்கில் அன்பிளாக் ஆல்' போதும். ஹார்டு என்று வந்தால் கைதான் தள்ள வேண்டும்.

"பிராட்காம் கார்டு. மூணு டிரைவர் சொல்றாங்க, எதைப் போடறது?"

பழைய லேப்டாப்பில் அதிகம் பேரைப் பாடாய்ப் படுத்துவது இதுதான், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். முதலாவது பி43. இது கெர்னலிலேயே இருக்கிறது, 4311, 4312, 4318 போன்ற பழைய கார்டுகளுக்கு. ஆனால் அதன் ஃபர்ம்வேரை மற்றவர்கள் விநியோகிக்க அனுமதி இல்லாததால் எந்த வழங்கலோடும் சேர்ந்து வராது, 'ஃபர்ம்வேர்-பி43-இன்ஸ்டாலர்' என்ற பேக்கேஜை நிறுவினால் அது நெட்டிலிருந்து எடுத்துப் பிரித்து வைக்கும். இரண்டாவது பிஆர்சிஎம்எஸ்மேக், இதுவும் கெர்னலில் உள்ளது, 4313, 43224, 43225 கார்டுகளுக்கு, ஃபர்ம்வேர் பிரச்சினை இல்லை. மூன்றாவது டபிள்யூஎல், பிராட்காமே கொடுத்த மூடிய டிரைவர். டெபியனில் 'பிராட்காம்-எஸ்டிஏ-டிகேஎம்எஸ்', உபுண்டுவில் 'பிசிஎம்டபிள்யூஎல்-கெர்னல்-சோர்ஸ்' என்ற பெயரில் கிடைக்கும். அதன் கடைசிப் பதிப்பு 2015இல் வந்தது, அதன்பிறகு புது கெர்னல்களோடு ஒத்துப்போக வைப்பது வழங்கல்களின் தன்னார்வலர்கள்தான்.

என் யோசனை: முதல் இரண்டில் ஒன்று உங்கள் கார்டுக்கு ஒத்துவந்தால் அதையே வைத்துக்கொள்ளுங்கள், கெர்னல் அப்டேட் ஆகும்போதெல்லாம் நெஞ்சு படபடக்க வேண்டியதில்லை. 43142 மாதிரி சில கார்டுகளுக்கு டபிள்யூஎல் விட்டால் வேறு வழி கிடையாது, அதற்கு மட்டும் அது.

"மூணையும் மாத்தி மாத்திப் போட்டுப் பாத்துட்டேன். இப்ப எதுவுமே வேலை செய்யல!"

டபிள்யூஎல் பேக்கேஜ் நிறுவப்படும்போது மற்ற இரண்டு டிரைவர்களும் ஏறக்கூடாது என்று ஒரு தடைப்பட்டியலை எழுதிவிடும். இரண்டு டிரைவர்கள் ஒரே கார்டைப் பிடித்து இழுக்கக் கூடாதே. பேக்கேஜை நீக்கினாலும் அந்தப் பட்டியல் சில சமயம் அப்படியே தங்கிவிடுகிறது, நான்காவது கேள்வியில் சொன்ன 'மாட்யூல்ஸ் வரி இருக்கிறது, இன் யூஸ் வரி இல்லை' என்ற நிலை அதனால்தான் வரும்.

'சூடோ ஏபிடி பர்ஜ்' என்று போட்டு அந்தப் பேக்கேஜை அமைப்பு ஃபைல்களோடு சேர்த்து நீக்குங்கள், ரிமூவ் போதாது. பிறகு இடிசி என்ற ஃபோல்டருக்குள் மாட்ப்ரோப்-டாட்-டி என்ற ஃபோல்டரில் பி43 அல்லது பிஆர்சிஎம்எஸ்மேக் முன்னால் பிளாக்லிஸ்ட் என்ற சொல்லோடு ஏதாவது வரி மிஞ்சியிருக்கிறதா பாருங்கள், இருந்தால் அந்த வரியை எடுத்துவிட்டு 'சூடோ அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யூ' அடித்து ரீஸ்டார்ட்.

"வைஃபை கனெக்ட் ஆகுது, ஆனா ரூட்டர் பக்கத்துல உக்காந்தாதான் வருது. டிரைவர் பழசா?"

ரியல்டெக் ஆர்டிஎல்8723பிஇ கார்டா என்று முதலில் பாருங்கள். இந்தக் கார்டில் இரண்டு ஆன்டெனா முனைகள் இருக்கும், பல லேப்டாப்புகளில் ஒரு வயரை மட்டும்தான் மாட்டியிருப்பார்கள், டிரைவரோ வயர் இல்லாத முனையைக் கேட்டுக்கொண்டிருக்கும். மாட்ப்ரோப்-டாட்-டி ஃபோல்டரில் ஒரு புது ஃபைல் வைத்து (பெயர் எதுவானாலும் .கான்ஃப் என்று முடிய வேண்டும்) அதில் 'ஆப்ஷன்ஸ் ஆர்டிஎல்8723பிஇ ஏஎன்டி_செல்=2' என்று ஒரு வரி. ரீஸ்டார்ட் செய்து பாருங்கள், சரிவரவில்லை என்றால் 2க்குப் பதில் 1. ஒரு கோட்டில் நின்ற சிக்னல் நான்கு கோட்டுக்கு ஏறியதை நானே பார்த்திருக்கிறேன்.

"பழைய என்விடியா கார்டு. லேட்டஸ்ட் டிரைவர் போடலாமா சார்?"

போடக்கூடாது. லேட்டஸ்ட் டிரைவரில் உங்கள் கார்டு இருக்கவே இருக்காது. என்விடியா பழைய கார்டுகளை அவ்வப்போது ஒரு கிளையில் (டிரைவரின் ஒரு பதிப்பு வரிசையில்) நிறுத்திவிட்டு முன்னே போய்விடும். ஜிஃபோர்ஸ் 8, 9, 200, 300 வரிசைக்குக் கடைசி கிளை 340, அதற்கான ஆதரவு 2019 முடிவோடு நின்றது. ஃபெர்மி எனப்படும் 400, 500 வரிசைக்கு 390, அது 2022 முடிவில். கெப்ளர் எனப்படும் 600, 700 வரிசைக்கு 470, அதுவும் 2024இல் முடிந்தது. 900, 10 வரிசைக்கு 580தான் கடைசி.

லேப்டாப் கார்டின் பெயரை மட்டும் நம்பாதீர்கள். 710எம், 820எம் என்று பெயரைப் பார்த்தால் புதுசு மாதிரி இருக்கும், உள்ளே ஃபெர்மிதான், அவற்றுக்கு 390. ஜோடி எண்ணைப் பாருங்கள் என்று முன்பு சொன்னது இதற்காகவும்தான்.

340, 390 தேவைப்படும் லேப்டாப் என்றால் நான் நூவோ டிரைவரோடு விட்டுவிடுவேன். நூவோ என்பது என்விடியா கார்டுகளை ஆராய்ந்து தன்னார்வலர்கள் எழுதிய திறமூல டிரைவர், 2010இல் கெர்னலில் சேர்ந்தது. பல கார்டுகளில் அது சிப்பின் முழு வேகத்தை எட்டாது, விளையாட்டுக்கு ஆகாது. ஆனால் எழுத, படிக்க, இணையம் பார்க்க, வீடியோ பார்க்கப் போதும், ஒவ்வொரு கெர்னலோடும் தானாகவே வந்துவிடும். நின்றுபோன மூடிய டிரைவரைப் புதுக் கெர்னலோடு பிடித்துக் கட்டிவைப்பது நீங்கள் ஒவ்வொரு அப்டேட்டிலும் செய்ய வேண்டிய வேலையாகிவிடும். லேப்டாப்பில் இன்டெல் கிராஃபிக்ஸும் கூடவே இருந்தால் அதிலேயே ஓட்டுங்கள், சூடும் குறையும், பேட்டரியும் கூட நேரம் நிற்கும்.

"இன்டெல், ஏஎம்டி கிராஃபிக்ஸுக்கு என்ன போடணும்?"

ஒன்றும் வேண்டாம். இன்டெலுக்குக் கெர்னலில் ஐ915, ஏஎம்டிக்கு வயதைப் பொறுத்து ரேடியான் அல்லது ஏஎம்டிஜிபியூ, மேலே மீசா. பழைய கார்டுகளுக்குக்கூட இன்னும் வேலை நடக்கிறது. 2006லிருந்து 2013 வாக்கில் வந்த இன்டெல் கிராஃபிக்ஸுக்குக் க்ரோகஸ் என்ற டிரைவரை மீசாவில் 2021இல்தான் புதிதாக எழுதிச் சேர்த்தார்கள். இப்படி நினைத்துப் பார்த்துச் செய்கிறவர்கள் இருப்பதால்தான் இந்த லேப்டாப்புகள் இன்னும் உயிரோடு இருக்கின்றன.

"சத்தம் வரல, சவுண்ட் டிரைவர் போயிடுச்சா?"

பெரும்பாலும் டிரைவர் போயிருக்காது. சவுண்ட் அமைப்பில் வெளியீடு எச்டிஎம்ஐ என்று மாறியிருக்கிறதா பாருங்கள். சரியாக இருந்தால் டெர்மினலில் 'அல்சாமிக்ஸர்', எஃப்6 அழுத்தி கார்டைத் தேர்ந்தெடுங்கள், ஏதாவது பட்டைக்குக் கீழே எம்எம் என்று இருந்தால் அது ஊமையாக்கப்பட்டிருக்கிறது, அதன்மேல் போய் எம் அழுத்தினால் திறந்துவிடும்.

"கெர்னல் அப்டேட் ஆச்சு, இப்ப கறுப்பு ஸ்கிரீன்தான் வருது. எல்லாம் போச்சா அண்ணா?"

எதுவும் போகவில்லை, பதறாதீர்கள். பழைய கெர்னலை சிஸ்டம் உடனே அழித்துவிடாது. லேப்டாப்பைப் போட்டதும், அதைத் துவக்கும் உள்நிரல் பழைய பயாஸ் என்றால் ஷிஃப்ட் பட்டனை அழுத்திப் பிடியுங்கள், புது வகையான யுஇஎஃப்ஐ என்றால் எஸ்கேப்பைத் தட்டுங்கள், எதில் துவங்குவது என்று கேட்கும் கிரப் பட்டியல் வரும். அதில் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ். முன்பு தாளில் குறித்த எண்ணுள்ள கெர்னலைத் தேர்ந்தெடுத்தால் நேற்றுவரை ஓடிய மாதிரியே ஓடும்.

அதிலும் படம் வரவில்லை என்றால் கிரப் பட்டியலில் நின்றபடி ஆங்கில 'இ' எழுத்தை அழுத்துங்கள், லினக்ஸ் என்று ஆரம்பிக்கும் நீள வரியின் கடைசியில் ஒரு இடைவெளி விட்டு 'நோமோட்செட்' என்று சேர்த்து எஃப்10. கிராஃபிக்ஸ் டிரைவர் ஏறாமல் சுமாரான படத்தோடு உள்ளே போய்விடலாம். இது அந்த ஒரு தடவைக்கு மட்டும்தான், உள்ளே போய்ப் பழுதைச் சரிசெய்யத்தான். சிலர் இதையே நிரந்தரமாக வைத்துக்கொண்டு "லினக்ஸ் ரொம்ப ஸ்லோ" என்கிறார்கள், அப்படி வைத்தால் கிராஃபிக்ஸ் வேலை முழுக்க பிராசசர் தலையில் விழும்.

காரணம் பெரும்பாலும் என்விடியா மூடிய டிரைவர்தான், புதுக் கெர்னலுக்கு அது கட்டப்படாமல் (கம்பைல் ஆகாமல்) நின்றிருக்கும். 'டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ்' அடித்தால் எந்தக் கெர்னலுக்குக் கட்டியிருக்கிறது, எதற்கு இல்லை என்று தெரியும்.

"டிகேஎம்எஸ்னா என்ன? கிட்ஹப்ல ஒரு டிரைவர் இருக்கு, அதைப் போடச் சொல்றாங்க"

கெர்னலுக்கு வெளியே இருக்கும் டிரைவரை ஒரு கெர்னலுக்காகக் கட்டினால் அது அந்தக் கெர்னலோடு மட்டும்தான் பொருந்தும். அடுத்த அப்டேட்டில் மறுபடி கட்ட வேண்டும். அதைத் தானாகச் செய்வதுதான் டிகேஎம்எஸ். அதற்குக் கெர்னல் ஹெடர்கள் (டிரைவரைக் கட்டத் தேவையான கெர்னல் ஃபைல்கள்) வேண்டும், உபுண்டுவில் 'லினக்ஸ்-ஹெடர்ஸ்-ஜெனரிக்', 64 பிட் டெபியனில் 'லினக்ஸ்-ஹெடர்ஸ்-ஏஎம்டி64'. பெயரில் பதிப்பு எண் இல்லாத இந்தப் பேக்கேஜையே போடுங்கள், அப்போதுதான் ஒவ்வொரு அப்டேட்டிலும் புது ஹெடரும் கூடவே வரும்.

கிட்ஹப் என்பது மூலநிரல்களைப் பகிரும் தளம், அங்கிருந்து டிரைவரைப் போடும் முன் கடைசியாக எப்போது மாற்றம் நடந்தது என்று பாருங்கள். மூன்று வருடமாக யாரும் தொடாதது என்றால் உங்கள் கெர்னலில் கட்டவே கட்டாது. டிகேஎம்எஸ் வழியாக நிறுவ வழி சொல்லாமல் 'மேக் இன்ஸ்டால்' மட்டும் சொல்லும் பக்கமென்றால் நான் விலகிவிடுவேன். யுஎஸ்பி வைஃபைக்கு இப்படித் தேடுகிறீர்கள் என்றால், உங்கள் சிப்புக்குப் புதுக் கெர்னலிலேயே டிரைவர் சேர்ந்திருக்கலாம், அதை முதலில் பாருங்கள்.

"டிரைவர் சரியா கட்டிடுச்சு, ஆனா ஏத்தும்போது கீ ரிஜெக்டட்னு வருது"

செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு வசதிதான் காரணம். 2012க்குப் பின் விண்டோஸ் 8ஓடு வந்த லேப்டாப்புகளிலிருந்து இது உண்டு. நீங்களாகக் கட்டிய டிரைவரில் அங்கீகரிக்கப்பட்ட கையொப்பம் இல்லாததால் கெர்னல் ஏற்க மறுக்கிறது. 'மோக்யூட்டில் --எஸ்பி-ஸ்டேட்' அடித்தால் அது இயங்குகிறதா என்று சொல்லும்.

இரண்டு வழி. பயாஸில் போய் அதை அணைப்பது எளிது. அணைக்க விருப்பமில்லை என்றால், உபுண்டுவில் டிகேஎம்எஸ் டிரைவர் நிறுவும்போது ஒரு பாஸ்வேர்டு கேட்கும், அதை எழுதி வையுங்கள். அடுத்த ரீஸ்டார்ட்டில் ஒரு நீலத்திரை வரும், அதில் என்ரோல் மோக் என்பதைத் தேர்ந்து அந்தப் பாஸ்வேர்டைக் கொடுக்க வேண்டும். பலர் அந்தத் திரையை ஏதோ பிழை என்று நினைத்துக் கன்டின்யூ அழுத்திவிடுகிறார்கள், அதனால்தான் டிரைவர் ஏறுவதில்லை.

"பூட் பார்ட்டிஷன் ஃபுல்லுனு அப்டேட் நின்னுடுச்சு"

கெர்னல்களை வைக்கும் அந்த இடத்தில் பழைய கெர்னல்கள் சேர்ந்துவிட்டன. 'சூடோ ஏபிடி ஆட்டோரிமூவ் --பர்ஜ்'. ஓடிக்கொண்டிருப்பதையும் அதற்கு முந்தைய ஒன்றையும் எப்போதும் விட்டு வையுங்கள், காரணம் கறுப்புத் திரை பதிலில் இருக்கிறது.

"பயாஸையும் அப்டேட் பண்ணணுமா?"

குறிப்பிட்ட ஒரு பிரச்சினைக்கு அதுதான் மருந்து என்று தெரிந்தால் மட்டும். 'எஃப்டபிள்யூயுபிடிஎம்ஜிஆர் கெட்-அப்டேட்ஸ்' அடித்துப் பாருங்கள், பழைய லேப்டாப்புகளில் பெரும்பாலும் பட்டியல் காலியாகத்தான் வரும். பயாஸ் எழுதும்போது கரண்ட் போனால் லேப்டாப் திரும்ப எழாமல் போகலாம், பழைய பேட்டரி இரண்டு நிமிடம்கூடத் தாங்காது என்பதை மறக்காதீர்கள்.

பிராசசரின் பாதுகாப்புத் திருத்தங்களுக்குப் பயாஸ் அவசியமில்லை. 'இன்டெல்-மைக்ரோகோட்' அல்லது 'ஏஎம்டி64-மைக்ரோகோட்' பேக்கேஜ் இருந்தால் ஒவ்வொரு முறை துவங்கும்போதும் கெர்னலே அதை ஏற்றிக்கொள்ளும்.

"32 பிட் லினக்ஸ் வெச்சிருக்கேன். அப்டேட் வரதே நின்னுடுச்சு"

முதலில் 'எல்எஸ்சிபியு' அடித்து ஆப்-மோடு வரியைப் பாருங்கள். 32 பிட், 64 பிட் இரண்டும் இருந்தால் உங்கள் பிராசசர் 64 பிட்டுக்குத் தயார், கோர் 2 டுயோ எல்லாம் அப்படித்தான், யாரோ அன்று 32 பிட் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். ஃபைல்களை எடுத்து வைத்துக்கொண்டு 64 பிட்டைப் புதிதாக நிறுவுங்கள்.

32 பிட் மட்டும் என்றால் வழி குறைந்துகொண்டே வருகிறது. உபுண்டு 2017இலேயே அதற்கான நிறுவல் ஃபைலை நிறுத்தத் தொடங்கியது, டெபியன் 2025இல் வந்த 13ஆம் பதிப்பில் நிறுத்தியது. டெபியன் 12க்கு 2028 ஜூன் வரை நீண்டகால ஆதரவு இருக்கிறது, அதுவரை அதில் ஓட்டலாம்.

"எல்லாம் நல்லா ஓடுது. புதுக் கெர்னல் போட்டா இன்னும் வேகமாகுமா?"

பத்து வருட லேப்டாப்பில் வித்தியாசம் கண்ணுக்குத் தெரிவது அபூர்வம். வேகம் வேண்டுமென்றால் ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போடுங்கள், அதற்கு ஈடு எந்த டிரைவரும் இல்லை.

பாதுகாப்புத் திருத்தங்களை மட்டும் விடாதீர்கள், அவை உங்கள் பதிப்பின் கெர்னல் வரிசையிலேயே வந்துகொண்டிருக்கும். அந்த வரிசையைத் தாண்டி அடுத்த பெரிய கெர்னலுக்குப் போவது ஏதாவது பாகம் வேலை செய்யாதபோது பார்த்துக்கொள்ளலாம். மின்ட்டில் அப்டேட் மேனேஜரிலேயே கெர்னலைத் தேர்ந்தெடுக்கலாம், உபுண்டு நீண்டகாலப் பதிப்பில் எச்டபிள்யூஇ என்ற புதிய கெர்னல் வரிசை, டெபியனில் புதுப் பேக்கேஜ்கள் கிடைக்கும் பேக்போர்ட்ஸ் பகுதி. என்விடியா 390 மாதிரி ஒன்றில் தொங்கிக்கொண்டிருப்பவர்கள் பெரிய கெர்னலுக்குத் தாவுவதற்குமுன் இரண்டு தடவை யோசியுங்கள்.

"என்ன செஞ்சும் வைஃபை சரியா வரல. கார்டையே மாத்திடலாமா?"

மாற்றலாம், இரண்டு நாள் டிரைவரோடு மல்லுக்கட்டிய பிறகு பலருக்கும் நான் சொல்வது அதுதான். ஏஆர்9285, ஏஆர்9462 மாதிரி ஏதெராஸ் சிப் உள்ள மினி பிசிஐ எக்ஸ்பிரஸ் கார்டு கிடைத்தால் ஏடிஎச்9கே டிரைவரில் மாட்டியதும் ஓடும், தனி ஃபர்ம்வேர்கூட வேண்டாம். ஆனால் சில லேப்டாப்புகளின் பயாஸில் ஒரு அனுமதிப்பட்டியல் இருக்கும், அதில் இல்லாத கார்டைக் கண்டால் லேப்டாப் துவங்கவே மறுக்கும். உங்கள் மாடல் அப்படியா என்று விசாரித்துவிட்டு வாங்குங்கள். அப்படியென்றால் யுஎஸ்பி கார்டுதான் வழி: ஏஆர்9271 சிப் உள்ளது (2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்), இல்லை எம்டி7612யு சிப் உள்ளது. இரண்டுக்கும் டிரைவர் கெர்னலிலேயே இருக்கிறது.

கழற்றுவதற்கு முன் சார்ஜரையும் பேட்டரியையும் எடுத்துவிடுங்கள். பழைய கார்டில் ஒரு கறுப்பு வயரும் ஒரு வெள்ளை வயரும் சின்னப் பித்தளை முனைகளில் அழுத்தி மாட்டியிருக்கும், எது எதில் இருக்கிறது என்று ஃபோனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். வயரைப் பிடித்து இழுக்காமல் முனைக்கு அடியில் நகத்தைக் கொடுத்து நேராக மேலே தூக்கினால் டக்கென்று வந்துவிடும். திரும்ப மாட்டும்போதும் அதே டக் சத்தம் கேட்க வேண்டும். கேட்காமல் மூடியைப் போட்டால் ரூட்டர் பக்கத்தில் உட்கார்ந்தால்தான் சிக்னல் வரும்.